நிழலை வாசித்துப் பறத்தல்: கொமடோர் 64இல் யூரிடியம்

யூரிடியம் கைவேகக்காரருக்கான விளையாட்டு என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். முதல் கப்பலின் முதல் சுவரிலேயே மோதிச் சிதறும்போது அது சரி போலத்தான் படும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கைவேகம் கால்பங்கு, மிச்சம் முழுக்க வாசிப்பு. எந்தச் சுவர் உயரம், எது தாழ்வாகப் பதிந்தது என்பதைத் திரையில் விழும் நிழல் ஒன்றுதான் சொல்லும். நிழல் துலக்கமாகத் தெரியாதவரை எந்தக் கெட்டிக்காரக் கையும் உதவாது. அதனால் இந்தப் பதிவில் பாதி, கொமடோர் 64 என்ற, நாற்பது வயதை எட்டிய ஒரு வீட்டுக் கணினிப் பெட்டியை கொழும்பு வெள்ளவத்தையின் உப்புக்காற்றுக்குள் வைத்து ஒழுங்கான படம் எடுத்த கதை. விளையாட்டை மட்டும் தேடி வந்தவர்கள் அந்தப் பாதியைத் தாண்டிப் போகலாம். சுவரில் மோதி அலுத்த பிறகு திரும்பி வருவீர்கள்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 1986இல் ஹியூசன் நிறுவனம் வெளியிட்டது. எழுதியவர் அன்ட்ரூ பிரேபுரூக். அதற்கு முதல் வருடம் பாராட்ரொயிட் என்ற விளையாட்டை எழுதிப் பெயரெடுத்தவர். சூரியக் குடும்பத்துக் கிரகங்களின் கனிமங்களை உறிஞ்ச வந்து நிற்கின்றன 15 இராட்சதப் போர்க்கப்பல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு உலோகத்தின் பெயர். முதலாவது துத்தநாகம், பிறகு ஈயம், செம்பு, வெள்ளி என்று போய் கடைசியில் யூரிடியம். உங்கள் கையில் இருப்பது மான்ரா என்ற ஒற்றைச் சின்ன விமானம். கப்பலின் முதுகுக்கு மேலே இடமும் வலமுமாகப் பறந்து, வரும் எதிரிக் கூட்டங்களைச் சுட்டு, இறங்கச் சொல்லும்போது ஓடுபாதையில் இறங்கி, கப்பலை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். மேலும் கீழும் திரை நகராது. முழு அகலமும் ஒரே பார்வையில். பக்கவாட்டில்தான் கப்பல் பல திரை நீளத்துக்குப் போகும்.

எங்கள் வீட்டுக்கு வந்த கொமடோர் பெரியப்பாவின் இலண்டன் வீட்டு மேல்தட்டில் கிடந்தது. பழைய வடிவம், வெளிநாட்டில் பாண்பெட்டி என்று பட்டம் வைத்திருக்கிறார்களே, அது. இலண்டன் சாமான் என்பதில் ஒரு நன்மை உண்டு: 13 அம்பியர் சதுரப் பின் பிளக், 50 ஹேர்ட்ஸ், பால் (PAL) என்ற ரிவி வண்ண முறை எல்லாம் இங்கேயும் அதுவே. அமெரிக்காவில் இருந்து வாங்குபவர்கள் இந்த இடத்திலேயே பாதிப்பாடு படுவார்கள். ஆனால் பிளக் பொருந்துகிறது என்று நேரே செருகிவிடாதீர்கள்.

இந்தக் கணினியோடு வரும் கறுப்புக் கட்டி மின்வழங்கி உள்ளே பிசின் ஊற்றி மூடப்பட்டது. திறந்து திருத்த வழியில்லை. அது பழுதாகும் விதம்தான் மோசம். வயதாகி விடும்போது 5 வோல்ற் குறைவதில்லை, ஏறுகிறது. ஏறிய வோல்ற் முதலில் சுடுவது 8 நினைவகச் சிப்புகளை. பெட்டியைச் செருகாமல், வட்டப் பிளக்கை மட்டும் மல்ரிமீற்றரால் அளக்கலாம்: 2ஆம் கால் பூமி, 5ஆம் காலில் 5 வோல்ற் டீசி, 6க்கும் 7க்கும் நடுவே 9 வோல்ற் ஏசி. 5.2க்கு மேல் காட்டினால் அந்தக் கட்டியைக் குப்பையில் போடுங்கள். சரியாகக் காட்டினாலும் நம்பிவிட முடியாது, சூடேறிச் சுமை பிடித்த பிறகுதான் பல கட்டிகள் தங்கள் குணத்தைக் காட்டும். என்னுடையது நல்லபடி அளவு காட்டியது, நான் அதைப் பாவிக்கவில்லை.

பதிலுக்கு ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இரண்டு சாமான்: 3 அம்பியர் தரக்கூடிய 5 வோல்ற் சுவிச்சிங் வழங்கி ஒன்று, 230க்கு 9 வோல்ற் ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று. 5 வோல்ற் மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு: இந்தப் பழைய பலகைகளில் படச் சிப்புக்கும் ஒலிச் சிப்புக்கும் வேண்டிய 12 வோல்ற் அந்த 9 வோல்ற் ஏசியில் இருந்துதான் உள்ளே உருவாகிறது. கசெற் மோட்டாரும் அதில்தான் சுழல்கிறது. ஏசி இல்லாவிட்டால் படமும் இல்லை, சத்தமும் இல்லை. பிரதான மின் பக்கத்தை நான் கட்டவில்லை. தெரிந்த எலெக்ரீசியனிடம் பியூஸ் போட்டுக் கட்டுவித்தேன். இன்னொன்று: விளையாடும்போது கரன்ற் போனால் முதல் வேலை பெட்டியின் சுவிச்சை அணைப்பது. கரன்ற் திரும்பி வரும் அந்த முதல் நொடியில்தான் பழைய சாமான்கள் சாகின்றன. எங்கள் ஊரில் அந்த நொடிக்குப் பஞ்சம் இல்லை.

சுவிச்சைப் போட்டதும் நீலத் திரை, 38911 பேசிக் பைற் மிச்சம் என்ற வரி, மினுங்கும் கட்டம். நல்லது. இனிப் படம்.

இங்கேதான் முதல் முடிச்சு. பெட்டியின் அன்ரெனா வழியை ரிவிக்குக் கொடுத்தால் படம் வரும், சத்தம் வராது. ஒலிச் சிப் செத்துவிட்டது என்று நினைத்துப் பலர் பெட்டியைத் திறக்கிறார்கள். திறக்கத் தேவையில்லை. பிரித்தானியாவின் ஒளிபரப்பு முறையில் ஒலியலை படத்தில் இருந்து 6 மெகாஹேர்ட்ஸ் தள்ளி இருக்கும். எங்கள் ரிவிகள் அதை 5.5இல் தேடும். இரண்டும் பால்தான், வண்ணமும் சரியாகவே வரும், ஒலியை மட்டும் ரிவி வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கும். பெட்டியின் பின்னால் இருக்கும் வட்ட ஏவீ துவாரத்தில் இருந்து நேரே எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. அன்ரெனா வழியின் இரைச்சலும் போய்விடும். நிழலுக்கு இந்த இரைச்சல்தான் முதல் எதிரி.

துவாரத்துக்கு 8 கால். ஆனால் பழைய ரேப் ரெக்கோடர்களுக்கு வந்த 5 கால் டின் பிளக் அதில் பொருந்தும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், நாலைந்து கடை ஏறி இறங்கிய பிறகு, மேசைக்குக் கீழே உயிரிழந்த ரிமோட்டுகளைக் குவித்து வைத்திருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"நானா, அஞ்சு கால் டின் பிளக் இருக்குமா? பழைய ரேடியோவுக்கு வாறது."

"இரிக்கி. ஆனா அத இப்ப யார் வாங்குற? ரெண்டு எடுத்துக்கங்க, ஒண்டு உருகிப் போகும்."

உண்மைதான். அந்த மலிவுப் பிளக்குகளின் உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் ஈயக்கோலின் சூட்டில் இளகிக் கால்கள் சரிந்துவிடும். பெண் துவாரம் ஒன்றில் பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டு ஈயம் பிடித்தால் கால்கள் நேராக நிற்கும். கால்களின் எண்கள் வரிசையாகப் போகாது என்பதைக் கவனியுங்கள்: வளைவில் ஒரு முனையில் இருந்து 1, 4, 2, 5, 3. இதில் 4 படம், 3 ஒலி, 2 பூமி. 5ஆம் கால் ஒலி உள்ளே போகும் வழி; அதை எதிலும் தொடுக்காதீர்கள். ரேப் ரெக்கோடருக்கென்று ஆயத்தமாக வரும் வயர்களில் அந்தக் காலும் தொடுத்திருக்கும், அங்கேயிருந்துதான் பலருக்கு உறுமல் சத்தம் வருகிறது.

அடுத்து எந்த ரிவி? வரவேற்பறையில் இருக்கும் தட்டை ரிவியில் போட்டுப் பார்த்தேன். படம் பெரிது, விளையாட்டு நாசம். இரண்டு காரணம். ஒன்று தாமதம். கொமடோர் நொடிக்கு 50 படம் தருகிறது, ஒரு படத்துக்கு 20 மில்லிநொடி. தட்டை ரிவி வந்த படத்தைத் துப்புரவாக்கி, பெருப்பித்து, பிறகு காட்டுகிறது. அதற்குள் 60 மில்லிநொடி போனாலே நீங்கள் காண்பது மூன்று படத்துக்கு முந்திய உலகம். மான்ரா முழுவேகத்தில் போகும்போது சுவர் திரையில் தெரிகிற நேரத்தில் நீங்கள் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறீர்கள். மற்றது, இதைவிடக் கள்ளத்தனமானது: இந்தக் கணினி பின்னல் இல்லாத படத்தை, அதாவது ஒவ்வொரு முறையும் முழுமையான ஒரு படத்தை, அனுப்புகிறது. பல தட்டை ரிவிகள் அதை இரண்டு பாதியாக வரும் ஒளிபரப்புப் படம் என்று எண்ணி, அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றோடொன்று பின்னிக் கலக்கின்றன. ஓடும் படத்தில் கறுப்பு நிழலின் ஓரம் சாம்பலாகக் கரைகிறது. கரைந்த பிறகு உயரமான சுவரும் பதிவான சுவரும் ஒன்றுதான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு திருத்தகத்தில் 14 அங்குலக் கண்ணாடிக் குழாய் ரிவி ஒன்று கிடைத்தது. கொண்டுவந்து வைத்ததும் வீட்டில், "இஞ்சேருங்கோ, இது எந்த மூலைக்கு?" என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்வி, அந்தச் சாமானின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட நீளம். ஆனால் செருகிய அந்த நொடியே வித்தியாசம் தெரிந்தது: கை ஆடும்போது விமானமும் ஆடுகிறது. பிறகு அரை மணித்தியாலம் திருகல்களோடு. கூர்மை என்ற திருகலை முழுக்கக் குறைத்துவிடுங்கள். அது கூட்டும் கூர்மை பொய், ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளை ஆவியைப் போடும். ஒளியை, கப்பலின் கடும் சாம்பலும் நிழலின் கறுப்பும் இரண்டாகப் பிரிந்து தெரியும் மட்டும் ஏற்றி, அதில் நிறுத்துங்கள். பகலில் யன்னலைத் திறந்து வைத்து இதைச் செய்தால் இரவில் திரும்பச் செய்யவேண்டி வரும்.

விளையாட்டு கசெற்றில் இருந்துதான் கணினிக்குள் ஏறும். அந்தக் கசெற் பக்கத்தை விரிக்கப் போவதில்லை. கொழும்பின் ஈரத்துக்குள் வந்த கசெற் என்றால் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இருந்தால் செருக வேண்டாம். இல்லாவிட்டால் சாதாரண ரேப்பில் ஒருமுறை முழுக்க ஓட்டி, திரும்பச் சுற்றி இளக்கிக்கொள்ளுங்கள். டேற்றாசெற் என்ற கொமடோரின் கசெற் கருவியின் இறப்பர் பட்டியை மாற்றுங்கள், தலையை ஐசோபுரோப்பைலால் துடையுங்கள். அப்படியும் ஏறாவிட்டால் தலையின் சாய்வு. பிளே அழுத்தியிருக்கும்போது மூடியில் உள்ள சின்ன ஓட்டைக்கு நேரே ஒரு திருகாணி தெரியும். அது நின்ற நிலையைப் பேனாவால் அடையாளம் வைத்துவிட்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்பி ஏற்றிப் பாருங்கள். எங்கே ஏறத் தொடங்குகிறது, எங்கே நின்றுபோகிறது என்ற இரண்டு எல்லைகளையும் கண்டுபிடித்து, அவற்றின் நடுவில் விடுங்கள். ஏறிய முதல் இடத்திலேயே நிறுத்துபவர்களுக்கு அடுத்த கிழமை வேறு கசெற்றில் ஏறாது.

கைப்பிடிக்கு வருவோம். யூரிடியத்தில் ஜொய்ஸ்ரிக்தான் விமானத்தின் வேகக் கட்டுப்பாடும். போகும் திசைக்குத் தள்ளினால் வேகம் கூடும், எதிர்த்திசைக்கு இழுத்தால் குறையும், இன்னும் இழுத்துக்கொண்டே இருந்தால் விமானம் புரண்டு திரும்பிவிடும். நிற்க முடியாது. ஆகவே மெதுவாகப் பறப்பதற்கும் தெரியாமல் திரும்பிவிடுவதற்கும் நடுவே மெல்லிய இடைவெளிதான் உண்டு. தேய்ந்த கைப்பிடியில் அந்த இடைவெளி இல்லை. கடலில் இருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டில் வெள்ளி பூசிய தொடுகைகள் ஒரு மழைகாலத்தில் கறுத்துவிடும்.

சோதிக்கத் தனிக்கருவி வேண்டாம். கைப்பிடியை 2ஆம் துவாரத்தில் செருகி, கணினியோடு வரும் பேசிக் நிரல்மொழியில் 56320 என்ற நினைவக முகவரியை பீக் கட்டளையால் திரும்பத் திரும்ப வாசித்து அச்சிடும் இரண்டு வரி நிரல் எழுதுங்கள். தொடாமல் விட்டால் 127. மேலே 126, கீழே 125, இடம் 123, வலம் 119, சுடும் பொத்தான் 111. மூலைக்குத் தள்ளினால் இரண்டு குறைவும் சேர்ந்து வரும். மேல் வலம் என்றால் 118. இப்போது கைப்பிடியை வலப்பக்கம் பிடித்துக்கொண்டு திரையைப் பாருங்கள். 119 என்ற எண் ஓடும் வரிசைக்குள் இடையிடையே 127 எட்டிப் பார்த்தால் அந்தத் தொடுகை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. கண்ணுக்கும் கைக்கும் தெரியாத பழுது இது, விளையாட்டுக்குள் மட்டும் "ஏன் வேகம் பிடிக்கவில்லை" என்ற எரிச்சலாக வெளிவரும். முதலாம் துவாரம் விசைப்பலகையோடு ஒரே கம்பிகளைப் பங்குபோடுவதால் அங்கே செருகி ஆட்டினால் திரையில் எழுத்துகள் விழும். பெட்டி பழுது என்று பயப்படாதீர்கள்.

என் கைப்பிடியில் நாலு திசைக்கும் மைக்ரோ சுவிச் போட்டேன். புறக்கோட்டையில் சாதாரணமாகக் கிடைப்பது, கிளிக் சத்தம் போடுவது. அந்தச் சத்தம் எனக்குப் பெரிய உதவி. இழுத்த நேரத்தின் அளவைக் காது எண்ணிக்கொள்கிறது.

இனிக் கப்பல்.

துத்தநாகத்தில் சுவர்கள் குறைவு. அங்கே சுடப் பழகவேண்டாம். மெதுவாகப் பறக்கப் பழகுங்கள். எதிரிகளைக் கண்டுகொள்ளாமல் கப்பலின் ஒரு நுனியில் இருந்து மறுநுனிக்குப் போய்த் திரும்பி வருவதே முதல் பாடம். போகும்போது நிழல்களைப் பாருங்கள். கப்பலின் முதுகு முழுக்கச் செதுக்குவேலை போலத் தட்டுகள், குழிகள், கோபுரங்கள். பெரும்பாலானவற்றுக்கு மேலாகப் பறக்கலாம், சுட்டால் புள்ளியும் தரும். மோதிக் கொல்வது உயர்ந்த சுவர் மட்டுமே. அதன் நிழல் அகலமாகத் தளத்தில் விழும், பதிவான சுவருக்கு ஒட்டினாற்போல மெல்லிய கறுப்புத்தான். உங்கள் மான்ராவின் நிழலும் தளத்தில் ஓடுகிறது. கொஞ்ச நாளில் கண் சுவரைப் பார்ப்பதை விட்டுவிடும். கறுப்பின் அகலத்தை மட்டும் பார்க்கும். அந்த மாற்றம் வந்த பிறகு ஈயமும் செம்பும் கொடுத்த பயம் பெருமளவு போய்விட்டது.

இன்னொரு உபகாரம் இந்தக் கணினியின் அமைப்பிலேயே இருக்கிறது. கப்பலைப் புள்ளி புள்ளியாக வரையவில்லை. திரை 40 பத்தி, 25 வரி கொண்ட எழுத்துக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் 8க்கு 8 புள்ளி. கப்பலின் ஒவ்வொரு துண்டும் அப்படியொரு எழுத்து. ஒரு மெகாஹேர்ட்ஸ்கூட இல்லாத 6510 செயலி இவ்வளவு வேகமாக முழுக் கப்பலையும் வழுக்கி ஓடவைக்க முடிவது இதனால்தான்: படச் சிப் 8 புள்ளிக்குள் நுண்ணகர்வைப் பார்த்துக்கொள்ளும், செயலி கட்டங்களை மட்டும் தள்ளிக் கொடுக்கும். விமானங்கள் வேறு, அவை ஸ்பிரைற், அதாவது பின்னணியைத் தொடாமல் படச் சிப்பே தனியாக நகர்த்தும் சின்னப் படங்கள், வன்பொருள் தருவது 8. 1986இல் இதைக் கண்டவர்கள் வாயைப் பிளந்ததில் வியப்பில்லை, எனக்கு இன்றும் அந்த ஓட்டம் அழகு.

இதில் நமக்கு என்ன? சுவர்கள் எல்லாம் கட்டக்கோட்டில்தான் நிற்கும். அரைக் கட்டம் தள்ளி ஒரு சுவர் வராது. ஆகவே சதுரக் கோடு போட்ட சீஆர் கொப்பி ஒன்று வாங்கினேன். ஒரு சதுரம் ஒரு எழுத்துக்கட்டம். ஒவ்வொரு கப்பலுக்கும் எத்தனை பக்கம் வருமோ அத்தனை, ஒட்டி விரித்தால் கப்பல் முழுக்க மேசையில். உயர்ந்த சுவர்களையும், அவற்றின் நடுவே இருக்கும் வாசல்களையும், ஓடுபாதையையும், குண்டுத் துவாரங்களையும் தவிர வேறொன்றும் வரையவில்லை. மற்ற அலங்காரம் எல்லாம் கண்ணைக் குழப்பத்தான். வரைவதற்கு மட்டும் மடிக்கணினியில் வைஸ் எமுலேற்றரை, அதாவது கொமடோரைப் போல நடிக்கும் மென்பொருளை, வைத்துக்கொண்டேன். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், கப்பல் தொடங்கும் இடத்தைச் சேமித்து அங்கேயே திரும்பித் திரும்பி வரலாம். எமுலேற்றரில் பழகுவது ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. பந்தயமா ஓடுகிறோம்? பாடல் பாடமாக்கும்போது கடினமான அடியை மட்டும் திரும்பப் பாடுவதில்லையா?

வரைபடம் கையில் வந்ததும் ஒன்று விளங்கியது. ஒவ்வொரு கப்பலிலும் சுவர் நெருக்கமான இடமும் உண்டு, வெறுமையான இடமும் உண்டு. எதிரிக் கூட்டம் எங்கே வந்தாலும் அங்கேயே சண்டை பிடிப்பதுதான் சாவுக்கு வழி. கூட்டத்தைக் கண்டதும் வெறுமையான துண்டுக்கு இழுத்துக்கொண்டு போங்கள். கப்பலின் நுனிக்கு அப்பால் நட்சத்திரம் மட்டும் இருக்கும் வெளி இன்னும் நல்லது. அங்கே சுவர்க்கணக்கு இல்லை, முழு மனதையும் சுடுவதில் வைக்கலாம். கூட்டத்தில் ஒன்றுகூட விடாமல் வீழ்த்தினால் மேலதிகப் புள்ளி உண்டு. அந்த ஆசைதான் நெருக்கமான இடங்களுக்குள் உங்களைத் துரத்திக்கொண்டு போகவைக்கும். தப்பிப் போன கடைசி எதிரியைப் போகவிடுங்கள்.

குண்டுகள் வேறு விவகாரம். கப்பலின் தளத்தில் சில துவாரங்கள். அவற்றில் இருந்து கிளம்பும் தேடிவரும் குண்டைச் சுட்டு அழிக்க முடியாது. ஓடவேண்டும், சிறிது நேரத்தில் அது தானாக அணைந்துபோகும். நான் பறப்பதிலேயே கண்ணாக இருந்ததால் குண்டு எப்போது கிளம்புகிறது என்பது எப்போதும் திடீரென்றுதான் இருந்தது. ஒருநாள் வீட்டுப்பாடத்தோடு பக்கத்தில் இருந்த மகள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அப்பா, அந்தச் சதுரம் மினுங்குது. இப்ப வரும்."

வந்தது. துவாரம் மினுங்குவதை அவள் விளையாடாமல் பார்த்துக்கொண்டிருந்தே பிடித்துவிட்டாள். அதன் பிறகு சிலநாள் அவள் வேலை எனக்குக் குண்டு சொல்வது. கூலி முறுக்கு. அவள் இல்லாத நேரத்துக்காக வரைபடத்தில் துவாரங்களைச் சிவப்பால் வட்டமிட்டேன். வட்டத்துக்குக் கிட்டப் போகும்போது முன்கூட்டியே வேகத்தைக் கூட்டி வைத்துக்கொண்டால், கிளம்பும் குண்டு பின்னுக்கே வரும். நெருக்கமான சுவருக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது துவாரம் மினுங்கினால் முன்னுக்குப் போகாதீர்கள், புரண்டு வந்த வழியே திரும்புங்கள். வந்த வழியின் சுவர்கள் உங்களுக்குத் தெரிந்தவை.

போதிய கூட்டங்களை வீழ்த்திய பிறகு இறங்கும்படி திரை சொல்லும். இந்த அறிவிப்பைக் கண்டதும் கை தானாக முழுவேகத்துக்குப் போகும், அதை அடக்கவேண்டும். பிரதான ஓடுபாதை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது வரைபடத்தில் இருக்கிறது. அந்த வரிக்கு முன்னரே வந்து, பல கட்டம் முந்தியே வேகத்தைக் குறைத்து, கைப்பிடியின் கிளிக்கை எண்ணிக்கொண்டு போங்கள். இறங்கியதும் எரிகோல்களை இழுக்கும் ஒரு சின்னச் சூதாட்டம் வரும். எனக்கு அது பிடிக்கவேயில்லை. இவ்வளவு துல்லியமான விளையாட்டுக்குள் இதை ஏன் வைத்தார் என்று விளங்கவில்லை. சுருக்கமாக முடித்துவிட்டு வெளியேறுகிறேன். அதற்குப் பின்னால் வருவது அழகு: கப்பல் காலடியில் கரைந்துகொண்டு போக, அதன் மேலாக ஒரு ஓட்டம், சுட்டுக்கொண்டே.

வெள்ளி, இரும்பு, தங்கம் வரைக்கும் இந்த முறை அப்படியே ஓடியது. பிளாட்டினத்தில் இருந்து வாசல்கள் ஒடுங்குகின்றன. விமானத்தைச் சாய்த்துப் பக்கவாட்டில் நிறுத்திக்கொண்டால்தான் புக முடியும் என்ற இடங்கள் வருகின்றன. சாய்ப்பதைத் துத்தநாகத்திலேயே, தேவையில்லாத இடத்தில், பழகி வைத்திருங்கள். தேவை வரும்போது பழகலாம் என்றால் உயிர் மூன்றும் ஒரே வாசலில் போகும். ஒரு வாசலுக்குள் புகமுதல் வேகத்தை நிலையாக்கிவிட்டு, அதன் பிறகு மேல்கீழ் மட்டும் பாருங்கள். வேகமும் உயரமும் ஒரே நேரத்தில் மாறினால் கண்ணால் கணக்குப் பிடிக்க முடியாது. தங்ஸ்ரனில் எனக்கு அதிகம் உதவியது இந்த ஒரு பழக்கம்.

சூடு ஒரு பிரச்சினை. ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பெட்டி மத்தியான நேரத்தில் நீண்ட நேரம் ஓடினால் படச் சிப்பின் மேல் இருக்கும் தகரக் கூடு கை வைக்க முடியாத அளவுக்கு வரும். சிப்புக்கும் கூட்டுக்கும் நடுவே இருந்த வெப்பப் பசை காய்ந்து பொடியாகிப் போயிருந்தது. புதுப் பசை வைத்து, பெட்டியின் கீழ்த் துளைகளுக்குக் காற்றுப் போக நாலு மூலையிலும் இறப்பர் கால் வைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. விளையாடுவது இரவில்தான், கடற்காற்று வரும் நேரம்.

இப்போதைக்கு இரிடியம் வரை உண்மைப் பெட்டியில் முடித்தாயிற்று. அதற்கு அப்பால் உள்ள ஆறில் நாலுக்கு வரைபடம் ஆயத்தம், கலக்டியமும் யூரிடியமும் இன்னும் பாதியில். அடுத்த கப்பலான கலிஸ்டோவை எமுலேற்றரில் கடந்திருக்கிறேன், ஆனால் மடிக்கணினியின் விசைகளில் கடந்ததை நான் கணக்கில் எடுப்பதில்லை. கைப்பிடியின் வலப்பக்கச் சுவிச் திரும்பவும் 119க்குள் 127 காட்டத் தொடங்கியிருக்கிறது. இம்முறை தங்கம் பூசிய தொடுகை உள்ள சுவிச்சாகப் பார்த்து வாங்கவேண்டும். மாற்றிய பிறகுதான் கலிஸ்டோ.